கேட்டுட்டு வரேன்

எங்கள் வார்டில் காலை ரவுண்ட்ஸ் தொடங்குவதற்கு முன்னால் கதவைச் சாத்துவது என் வேலை. பெரிய டாக்டர் உள்ளே வரும்போது நோயாளிகளின் சொந்தக்காரர்கள் ஒருத்தர்கூடக் கட்டிலருகே நிற்கக்கூடாது. பெண்டாட்டி, பிள்ளை, மாமனார், மச்சினன் யாராக இருந்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடைபாதை பெஞ்சுக்குப் போய்விட வேண்டும். "கெளம்புங்க, கெளம்புங்க, உங்க வீட்டு ஆளை யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க" என்று நான் போடுகிற சத்தம் மாடிவரை கேட்கும் என்பார்கள். கேட்கட்டுமே. தலைமை நர்ஸ் வாயில்லாப் பூச்சியாக இருந்தால் வார்டு சந்தைக்கடை ஆகிவிடும்.

வாயில்லாப் பூச்சி ஒன்று என் வீட்டிலேயே இருந்தது. என் தம்பி பெண்டாட்டி. அவர்கள் கீழே, நான் மாடியில் ஓர் அறையில். மகளைப் பள்ளியில் சேர்த்த கையோடு அவளும் மருந்தாளுநர் படிப்பில் சேர்ந்தாள். சேர்த்துவிட்டது நான். "இவளுக்கு எதுக்குக்கா இந்த வயசுல படிப்பு?" என்று தம்பி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். "உனக்கு எதுக்குடா மீசை? வச்சிருக்கல்ல?" என்று அவன் வாயை அடைத்தேன். அன்றிலிருந்து அவள் பாஸானால் அது அவளுடைய படிப்பு, ஃபெயிலானால் அது என்னுடைய திமிர் என்று வீட்டில் எழுதாத சட்டம் ஆகிவிட்டது.

புத்தகப் படிப்பில் அவள் சோடையில்லை. வில்லங்கம் எல்லாம் கடைசிக் கட்டத்தில்தான். வார்டுப் பயிற்சி. மாணவர்களுக்கு ஆளுக்கொரு நோயாளியைக் கொடுப்பார்கள். அவர் வீட்டில் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், எப்படிச் சாப்பிடுகிறார், இங்கே கொடுக்கிற மருந்தோடு அது சண்டை போடுமா, சிறுநீரகம் தாங்குமா என்றெல்லாம் பார்த்து, ரவுண்ட்ஸில் எல்லார் முன்னாலும் பெரிய டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவர் அதைக் கேட்டுத்தான் மருந்து எழுதுவார். அவர் எழுதுவதைத்தான் நாங்கள் கொடுப்போம்.

பெரிய டாக்டருக்கு ஒரு பழக்கம். மாணவர் எதைச் சொன்னாலும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "நிச்சயமாவா?" என்பார். பார்வையிலேயே பாதிப் பேருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் மற்ற பிள்ளைகள் சமாளித்துவிடுவார்கள். இவளால் முடியவில்லை. "நிச்சயமாவா?" என்றதும் கையிலிருந்த தாள்கள் படபடக்கும். பிறகு, "இருங்க சார், கேட்டுட்டு வரேன்" என்பாள். சொன்னதோடு விடாமல் நிஜமாகவே கிளம்பிவிடுவாள். நோயாளியின் காதருகே குனிவாள், கதவைத் திறந்து பெஞ்சில் இருக்கிறவர்களைத் தேடுவாள், மாத்திரைப் பையைக் கட்டிலில் கொட்டுவாள். ரவுண்ட்ஸ் மொத்தமும் நட்டுவைத்த மாதிரி நிற்கும். பெரிய டாக்டர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

கூடப் படிக்கிற வாலுகள் அவளுக்குப் பெயரே வைத்துவிட்டன. "ஏய், கேட்டுட்டு வரேன் வருது பாரு!" என்னை வைத்துக்கொண்டே சொல்லுவார்கள். கண்ணை உருட்டினால் ஓடுவார்கள். அவளோ சேர்ந்து சிரிப்பாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

முதல் தடவை அவளை ஃபெயிலாக்கிவிட்டார்கள். 'தன்னம்பிக்கை போதாது' என்று காரணம் சொன்னார்கள். இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் போனால் கல்லூரி வாசலைச் சாத்திவிடுவார்கள், வீட்டுக்குப் போக வேண்டியதுதான். என் தம்பி லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "என் லிஃப்ட்டே தேவலாம்க்கா. நடுவுல நின்னாலும் ரெண்டு தட்டு தட்டினா கெளம்பிடும்" என்றான். அவள் தட்டில் தண்ணீர் ஊற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். "வாயில போட்டுடுவேன்டா" என்றேன் நான். போட்டிருக்க வேண்டும்.

இரண்டாம் வாய்ப்புக்கு வந்தபோதுதான் தைரியம் சார் அவளைக் கையில் எடுத்தார். எங்கள் மருத்துவமனையில் மாணவர்களைப் பயிற்றுவிக்கும் மருந்தாளுநர் அவர். நாளுக்கு நூறு தடவை "தைரியமாச் சொல்லுங்க" என்பார், அதனால் அந்தப் பெயர். தன்னுடைய டீ நேரத்தை எல்லாம் அவளுக்குக் கொடுத்தார். வார்டை ஒட்டிய மருந்து அறையில் ஒரு ஸ்டூலின் மேல் தலையணையைக் கிடத்துவார், அதுதான் நோயாளி. என் ஸ்டெதஸ்கோப்பை இரவல் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கி, பெரிய டாக்டராகவே ஆகிவிடுவார். நான் ஊசி மருந்து எடுக்கப் போகும்போதெல்லாம் இந்தக் கூத்து நடக்கும்.

"நிச்சயமாவா?"

"இருங்க சார், கேட்..."

"போங்க! வாசலுக்குப் போங்க! மறுபடி 'குட் மார்னிங் சார்'லேருந்து வாங்க!"

அவள் வாசலுக்குப் போவாள். மறுபடி வருவாள். மறுபடி அந்தச் சொல் நாக்கு நுனியில் வந்து நிற்கும், மறுபடி வாசலுக்கு விரட்டுவார். ஒருநாள் குளிர்பெட்டியைத் திறந்துகொண்டு நின்ற நானே பொறுக்கமாட்டாமல் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்கம்மா. டாக்டர் கேக்கறது உங்களை இல்ல, உங்க குரலை. குரல் ஆடுச்சுன்னா நீங்க சொல்ற சரியான டோஸும் தப்பாத்தான் கேக்கும். தொண்ணூறு தெரிஞ்சா நூறு தெரிஞ்ச மாதிரிச் சொல்லுங்க. மீதிப் பத்தை அப்புறம் பார்த்துக்கலாம்."

"அந்தப் பத்துல ஏதாவது இருந்துட்டா சார்?"

"இப்படி யோசிச்சு யோசிச்சுத்தான் போன தடவை போச்சு. இந்தத் தடவையும் போகணுமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவரைக் குறை சொல்ல அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நல்ல மனுஷர்தான். இளவயதில் அவரையும் ஒரு டாக்டர் ரவுண்ட்ஸிலிருந்து எல்லார் முன்னாலும் வெளியே போகச் சொன்னாராம். அந்த அவமானம் தன் மாணவர் யாருக்கும் வரக்கூடாது என்பது அவர் வைராக்கியம். நல்ல மனுஷர் செய்கிற கெடுதலை யாரிடம் போய் முறையிடுவது? சொல்லுங்கள்.

வீட்டில் நானும் என் பங்குக்கு விடவில்லை. அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். நான் பின்னால் போய் நின்று, "சர்க்கரை மாத்திரை எத்தனை வேளை? நிச்சயமாவா?" என்று அதட்டுவேன். முதலில் பாத்திரம் கை நழுவி விழும். போகப் போக, திரும்பிப் பார்க்காமலே, "ரெண்டு வேளை. நிச்சயமா" என்று சொல்லப் பழகினாள். அவள் மகள்கூடக் கற்றுக்கொண்டுவிட்டது. "அம்மா, பள்ளிக்கூடம் லீவா? நிச்சயமாவா?" என்று கண்ணாடி போட்ட மாதிரி விரலை வளைத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு கேட்கும்.

அவள் தேறித்தான் போனாள். இல்லையென்று சொன்னால் பாவம். ஒரு நோயாளிக்கு ஒரே வலி மாத்திரை இரண்டு வேறு கம்பெனிப் பெயரில் போய்க்கொண்டிருந்தது. ரவுண்ட்ஸில் கணீரென்று சொன்னாள். "நிச்சயமாவா?" என்றார் பெரிய டாக்டர். "நிச்சயமா சார், ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். அவர் ஒன்றை அடித்துவிட்டு, "குட்" என்றார். அந்த வாயிலிருந்து 'குட்' வந்ததை வார்டில் அதுவரை யாரும் கேட்டதில்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொல்லிச் சொல்லி அவன் காதைத் தேய்த்துவிட்டேன்.

மதிப்பீட்டு நாளுக்கு அவளுக்குக் கொடுத்த நோயாளி ஒரு பெரியவர். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். காலில் சீழ் வைத்து, காய்ச்சலோடு வந்து சேர்ந்திருந்தார். காது மந்தம். எதைக் கேட்டாலும் "எல்லாம் கரெக்டா சாப்பிடறேன்மா" என்று ஒரே பதில். வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரைப் பை தலைமாட்டில் இருந்தது. ரத்த அழுத்தத்துக்கு இரண்டு விதம். இரண்டிலுமே காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று அட்டையில் எழுதியிருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் பார்வையாளர் நேரம் முடிந்து எல்லாரும் போன பிறகு அவள் அந்தப் பையைக் கட்டிலில் கொட்டிப் பார்த்தாள். பிறகு என் மேஜைக்கு வந்தாள்.

"அண்ணி, டப்பால பிரஷர் மாத்திரையெல்லாம் பாதி பாதியா உடைச்சு வச்சிருக்கு."

"முழுங்கக் கஷ்டமா இருக்கும். ஒடச்சு ரெண்டையும் போட்டுக்குவாரு."

"அப்படியும் இருக்கலாம். பாதிதான் சாப்பிடறாரோன்னும் தோணுது. இவர்கிட்டக் கேட்டா தலையைத் தலையை ஆட்டறாரு. அவர் வீட்டம்மாகிட்டக் கேக்கணும்."

"காலையில வருவாங்க, கேளு."

காலையில் அந்தம்மா வந்தாள். விடிந்ததுமே வந்து, புருஷன் முகத்தைத் துடைத்து, தலையைச் சீவிவிட்டுக்கொண்டிருந்தாள். இவள் மகளைப் பள்ளி வண்டியில் ஏற்றிவிட்டு மூச்சிரைக்க வார்டுக்குள் நுழைகிற நேரம் பார்த்து, பெரிய டாக்டர் சீக்கிரமே கிளம்பிவிட்டார் என்று கீழேயிருந்து போன் வந்தது. நான் கத்த ஆரம்பித்தேன். பைகள், ஃபிளாஸ்க்குகள், போர்வைகள் எல்லாம் வெளியே போயின. அந்தம்மாவும் சீப்பைக் கையில் வைத்தபடியே போனாள். இவள் பின்னாலேயே ஓடினாள்.

"அண்ணி, ஒரு நிமிஷம். அந்தம்மாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு..."

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? டாக்டர் படியேறிட்டாரு. இன்னிக்குன்னு பார்த்து மானத்தை வாங்காத. போய் நில்லு."

கதவைச் சாத்தினேன்.

அவள் போய்க் கட்டிலருகே நின்றாள். பெரிய டாக்டர், அவருக்குப் பக்கத்தில் கல்லூரியிலிருந்து மதிப்பெண் போட வந்திருந்த மேடம், ஓரடி தள்ளித் தைரியம் சார், மற்ற பிள்ளைகள். அவள் பேசினாள். எங்கே கற்றாள் இப்படிப் பேச என்று நானே அசந்துபோனேன். காலுக்குப் போகிற மருந்து, அதற்குச் சிறுநீரகக் கணக்கு, எந்த மாத்திரையை எதோடு சேர்க்கக்கூடாது, எல்லாம் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடியது. ஒரு தாள்கூடப் படபடக்கவில்லை. கடைசியில் ரத்த அழுத்தத்துக்கு வந்தாள். இரண்டு மாத்திரையின் பெயரும் அளவும் சொன்னாள்.

"இதெல்லாம் வீட்ல ஒழுங்கா எடுத்துக்கறாரா?"

"அட்டையில காலை சாயங்காலம்னு இருக்கு சார்."

"அட்டையைக் கேக்கல. எடுத்துக்கறாரா? நிச்சயமாவா?"

அவள் நிறுத்தினாள். பார்வை கதவுக்குப் போயிற்று. அந்தச் சொல் அவள் உதட்டுக்கு வந்துவிட்டது, நான் பார்த்தேன். தைரியம் சார் புருவத்தை உயர்த்தினார். அவள் என்னைப் பார்த்தாள். நான் கண்ணாலேயே அதட்டினேன். சொல்லித் தொலையேன்டி என்றுதான் என் மனசும் அடித்துக்கொண்டது. அவள் எதையோ மென்று முழுங்கினாள்.

"நிச்சயமா சார்."

"அப்ப அதையே கன்டினியூ பண்ணிடலாம். சிஸ்டர், இன்னிக்கே ஸ்டார்ட் பண்ணிடுங்க. வெரி குட்மா."

பாஸ். மேடம் கைகொடுத்தாள். தைரியம் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார், சத்தியமாகத் துடைத்துக்கொண்டார். மத்தியானத்துக்குள் பிள்ளைகள் அவள் பெயரையே மாற்றிவிட்டார்கள். "நிச்சயம் அக்கா, ட்ரீட் எப்போ?" என்று மொய்த்தார்கள். வீட்டில் தம்பி இனிப்பு வாங்கி வந்து மேஜையில் வைத்துவிட்டு, வாங்கி வந்ததே தெரியாத மாதிரி டிவி பார்க்கப் போய்விட்டான். எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. அவளிடம் மட்டும் சந்தோஷத்தைக் காணோம். "அந்தம்மாவைப் பாக்கப் போனேன் அண்ணி. அதுக்குள்ள வீட்டுக்குப் போயிட்டாங்க. நாளைக்குக் கேட்டுடணும்" என்றாள். "பாஸாயிட்டடி. இனிமே என்ன கேள்வி?" என்றேன்.

நாங்கள் மாத்திரை கொடுத்தோம். காலையில் முழுசு, சாயங்காலம் முழுசு, இரண்டு விதமும். வார்டில் எதையும் விடமாட்டோம். வாயைத் திறக்கச் சொல்லி, தண்ணீர் ஊற்றி, முழுங்கிவிட்டாரா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வோம். மறுநாள் காலை, அவள் வார்டுக்கு வருவதற்கு முன்னால், பெரியவர் கழிப்பறைக்குப் போக எழுந்தார். நான்கு அடி வைத்திருப்பார். தலை சுற்றி அப்படியே சாய்ந்தார். விழுந்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தபோது ரத்த அழுத்தம் அதலபாதாளத்தில் கிடந்தது. இடுப்பு எலும்பு முறிந்திருந்தது.

வெளியே அந்தம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் விஷயத்தைச் சொல்லப் போனேன். பின்னாலேயே தம்பி பெண்டாட்டியும் வந்து சேர்ந்தாள். கேட்க வேண்டியதைக் கடைசியில் அவள் கேட்டாள்.

"அம்மா, வீட்ல அந்த பிரஷர் மாத்திரை முழுசாச் சாப்பிடுவாரா?"

"ஐயோ, முழுசாவா குடுத்தீங்க? முழுசாப் போட்டா அவருக்குத் தலை சுத்துமேம்மா. பாதிதான் போடுவாரு, அதுவும் காலையில மட்டுந்தான். எத்தனையோ வருஷமா அப்படித்தான். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. இங்கதானே உக்காந்திருந்தேன்."

'இங்கதானே' என்று பெஞ்சைத் தட்டிக் காட்டினாள். சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம்.

நோயாளி விழுந்தால் எங்கள் மருத்துவமனையில் ஒரு கூட்டம் போட்டுக் காரணம் பேசுவார்கள். அதற்கு முன்னால் தைரியம் சார் அவளை மருந்து அறைக்குக் கூப்பிட்டார். நானும் உள்ளே போனேன்.

"வயசானவர், தரை ஈரம், வழுக்கி விழுந்துட்டாரு. இதுதான் பேச்சு. எல்லாரும் ஒத்துக்கிட்டாச்சு. நீங்க எதுவும் சொல்லாதீங்கம்மா."

"தரை ஈரமா இல்லையே சார்."

"நீங்க வாயைத் திறந்தா பெரியவர் எழுந்து நடந்துடுவாரா? உங்க பாஸ்தான் போகும். நீங்க பட்ட பாடு, நான் பட்ட பாடு எல்லாம் வீணாப் போகணுமா?"

அவள் அந்த ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையணை இன்னும் அதன் மேல் கிடந்தது.

"நீங்கதானே சார் தைரியமாச் சொல்லச் சொன்னீங்க" என்றாள்.

அவள் குத்திக்காட்டவில்லை. அவளுக்குக் குத்திக்காட்டத் தெரியாது. அதனால்தான் அந்த மனுஷர் முகத்தில் ஈயாடவில்லை.

வீட்டில் நான் அவளைப் பிடி பிடியென்று பிடித்தேன். "இத்தனை நாள் வாயைத் திற, வாயைத் திறன்னு தொண்டை கிழியக் கத்தினேன். இந்த ஒரு தடவை வாயை மூடிக்கிட்டு இருடி. உன் பொண்ணு முகத்தைப் பார்த்தாவது இரு." அவள் மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "அந்தம்மா நாளெல்லாம் அவருக்கு மூத்திரம் எடுத்துக்கிட்டு இருக்காங்க அண்ணி. வழுக்கி விழுந்தாருன்னு அவங்களையும் நம்ப வைக்கணுமா?" என்றாள். பிறகு ரிப்பனை இறுக்கி முடிந்தாள்.

கூட்டத்தில் பெரிய டாக்டர், கல்லூரி மேடம், தைரியம் சார், நான். வழுக்கி விழுந்தார் என்று பேசி முடித்து எல்லாரும் நாற்காலியைப் பின்னால் தள்ளுகிற நேரத்தில் அவள் கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். நின்றபடியே சொன்னாள். டப்பாவில் பாதி மாத்திரை பார்த்ததையும், அந்தம்மாவிடம் கேட்க நினைத்ததையும், கேட்காமலே நிச்சயம் என்றதையும். குரல் ஆடவில்லை. தைரியம் சார் சொல்லிக்கொடுத்த குரல் அது.

பெரிய டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாமே. ஏம்மா நிச்சயம்னு சொன்னே?"

"தெரியலன்னு சொன்னா ஃபெயில் ஆயிடுவேன் சார். போன தடவை அப்படித்தான் ஆனேன்."

பெரிய டாக்டர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார். கல்லூரி மேடம்தான் முதலில் தொண்டையைச் செருமினாள். இது மிகவும் வருந்தத்தக்கது, நோயாளியின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கும் என்று அச்சடித்த மாதிரிப் பேசினாள்.

எனக்குத் தாங்கவில்லை. "மேடம், கேட்டுட்டு வரேன்னு வந்த பிள்ளையை வெளிய விடாமக் கதவைச் சாத்தினது நான். சொல்லு சொல்லுன்னு கண்ணைக் காட்டினதும் நான். புருவத்தைத் தூக்கினவரு இதோ உக்காந்திருக்காரு. எங்களையும் ஃபெயில் பண்ணுங்க" என்றேன்.

"சிஸ்டர், நீங்க ஸ்டூடன்ட் இல்லையே" என்றார் பெரிய டாக்டர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, விவரம் சொல்லுகிற மாதிரிச் சொன்னார். தைரியம் சார் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிவு வர அதிக நாள் ஆகவில்லை. ஃபெயில். இந்தத் தடவை காரணம் வேறு: 'தனக்குத் தெரியாததைத் தெரியாது என ஒப்புக்கொள்ளும் நேர்மை போதாது.' ஒப்புக்கொண்டதற்குத்தான் இந்த ஃபெயில் என்பது எழுதினவர்களுக்கு உறைக்கவில்லையா, இல்லை உறைத்துத்தான் எழுதினார்களா? வயிறு எரிகிறது. அன்றைக்கு மட்டும் அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு ஏதோ ஒரு வார்டில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நேர்மையான மருந்தாளுநராக இருந்திருப்பாள்.

பெரியவரை ஸ்ட்ரெச்சரில் வீட்டுக்கு அனுப்பினார்கள். நெஞ்சு தாங்காது என்று ஆபரேஷன் செய்யவில்லை. இனி நடக்கமாட்டார். அந்தம்மா மாத்திரைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஸ்ட்ரெச்சர் பக்கத்திலேயே போனாள். தம்பி பெண்டாட்டி வாசல்வரை கூடப் போனாள். அந்தம்மா அவளைத் திட்டவில்லை. "நீ மட்டுந்தாம்மா கேட்டே" என்றாளாம். திட்டியிருந்தால் தேவலாம் என்றாள் இவள் என்னிடம்.

தம்பி கிண்டல் செய்வான், கிழித்துத் தொங்கவிடலாம் என்று காத்திருந்தேன். அவன் கிண்டல் செய்யவில்லை. "சரி விடு. இனிமே மத்தியானமாவது சூடாச் சாப்பிடலாம்" என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான், கடங்காரன். கையிலிருந்த டம்ளரை அவன் மேல் எறிந்தேன். சுவரில்தான் பட்டது.

இப்போது அவள் வீட்டில்தான் இருக்கிறாள். மத்தியானம் சாப்பாடு சூடாக இருக்கிறது. என்ன சொன்னாலும் "சரி அண்ணி" என்கிறாள். மகள் விரலை வளைத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு "நிச்சயமாவா?" என்று கேட்க வந்தால், கையைத் தட்டிவிட்டு எழுந்துபோகிறாள்.

வார்டுக்கு அடுத்த கூட்டம் மாணவர்கள் வந்துவிட்டார்கள். மருந்து அறையில் அதே ஸ்டூல், அதே தலையணை. தைரியம் சார் என்னிடம் ஸ்டெதஸ்கோப் கேட்டார். தரமுடியாது என்றேன். வேறு யாரிடமோ வாங்கிக்கொண்டார்.

போன வாரம் ரவுண்ட்ஸ். வழக்கம்போல விரட்டினேன், கதவைச் சாத்தினேன். முகத்தில் மீசைகூடச் சரியாக வராத ஒரு பையன் ஒரு நோயாளியைப் பற்றிக் கடகடவென்று ஒப்பித்தான். இரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரை, தினமும் ஒன்று.

"தினமும் எடுத்துக்கறாங்களா? நிச்சயமாவா?" என்றார் பெரிய டாக்டர்.

பையன் கையிலிருந்த தாளைப் புரட்டினான். தைரியம் சார் புருவத்தை உயர்த்தினார்.

"நிச்சயமா சார்."

நான் மருந்து வண்டியை அப்படியே விட்டுவிட்டுக் கதவைப் பார்த்து நடந்தேன்.

"எங்க போறீங்க சிஸ்டர்?"

"கேட்டுட்டு வரேன்" என்றேன்.

பின்னால் எந்தப் பிள்ளையோ களுக்கென்று சிரித்தது. போன கூட்டத்துப் பிள்ளைகள் அந்தப் பெயரை இவர்களிடமும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள் போலிருக்கிறது. கதவைத் திறந்தேன். அந்த நோயாளியின் மகன் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். கேட்டேன். ஊரிலிருந்து கிளம்பும்போது தீர்ந்துபோனது, பத்து நாளாகப் போடவில்லை என்றான். திரும்பி வந்து சொன்னேன். பெரிய டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

போய்க் கேட்டுவிட்டு வர ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.